ஃப்ளை பெட்டி ஒண்டு கிடைச்சிருக்கு, திருகோணமலையில எந்த மாசம் எதைப் போடுறது?

உப்புவெளிப் பொடியன்:
வணக்கம். லண்டன்ல இருந்து வந்த அத்தான் திரும்பிப் போகக்குள்ள தன்ர ஃப்ளை றொட்டையும் (தூண்டில் தடி), 5 வெயிட் (அது வீசுற நூலின்ர பார அளவு), ஒரு பெட்டி ஃப்ளையையும் (பூச்சி, சின்ன மீன் மாதிரிக் கட்டின தூண்டில்) எனக்குத் தந்திட்டுப் போட்டார். பெட்டிக்குள்ள அறை அறையா மாசப் பேர் ஒட்டியிருக்கு, மே அறையில பெரிய மஞ்சள் பூச்சி மாதிரி, ஜூலையில சின்னச் சின்ன பிறவுண். "பூச்சி பொரிக்கிற நேரம் பாத்துப் போடு" எண்டார், எந்தப் பூச்சி எண்டு சொல்லேல்ல. மகாவலி கொட்டியாரக்குடாவில விழுற பக்கம், இல்லாட்டி கந்தளாய்க் குளத்துல வீசினா ஏதும் கடிக்குமா? இந்த மாசக் கணக்கு நம்மட பக்கம் சரிவருமா?

வின்செஸ்டர்வாசி:
தம்பி, நானும் திருகோணமலை உவர்மலை ஆள்தான், இப்ப இங்கிலாந்துல. அந்தக் கணக்கு இங்கத்த ஆறுகளுக்கு. இச்சன், டெஸ்ட் மாதிரி சுண்ணாம்புப் பாறை ஊத்துல வாற ஆறுகள்ல மே நடுவுல இருந்து ஜூன் தொடக்கம் மட்டும் எஃபெமெரா டானிக்கா எண்ட பெரிய மேஃப்ளை கிளம்பும், உங்கட மஞ்சள் அதுதான். ரெண்டு வருஷமளவுல ஆத்தடிச் சேத்துக்குள்ள புழுவாக் கிடந்திட்டு மேல வந்து தோல் கழட்டி, செட்டை காயுற மட்டும் தண்ணிமேல மிதக்கும், டிரவுட் மீன் அப்பதான் லபக்கெண்டு பிடிக்கும். பிறகு செட்டையோடயே இன்னொருக்கா தோல் கழட்டும், தீனே இல்ல, முட்டை போட்டுட்டு செட்டை விரிச்சபடி செத்து மிதக்கும், அந்த நிலைக்கு ஸ்பின்னர் எண்டு வேற ஃப்ளை. ஒரே பூச்சிக்கே மூண்டு நாலு ஃப்ளை வேணும் பாருங்க. ஜூலையில இருக்கிறது கடிஸ் எண்ட இன்னொரு ஆத்துப் பூச்சி, பொழுதுபட வாறது. இங்கயும் கலண்டரை மட்டும் நம்பி ஒருத்தரும் போறேல்ல, கல்லைப் பிரட்டிப் பாத்து, பாலத்தடிச் சிலந்தி வலையில என்ன ஒட்டியிருக்கெண்டு பாத்துட்டுத்தான் பெட்டியே திறக்கிறது.

கிண்ணியாக் கரை:
மகாவலி வாயில பூச்சியைத் தேடாதீங்க தம்பி. அங்க உப்புக் கலந்த தண்ணி, பாரையும் கொடுவாவும் சூடை, நெத்தலி, றாலைத்தான் துரத்துது. கிளவுசர் மினோ எண்ட சின்ன மீன் மாதிரி ஃப்ளையைக் கட்டுங்க, 1987ல அமெரிக்காவுல பாப் கிளவுசர் எண்டவர் கட்டினது, கண்ணுக்கு ஈயக்குண்டு வச்சிருக்கிறதால இழுத்தா எழும்பும் விட்டா மூக்குக்குத்தி விழும், அடிபட்ட மீன் மாதிரியே. வெள்ளை வயிறு, பச்சை முதுகு. கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய் அண்டைக்கு என்ன நீளத்துல சூடை படுதெண்டு பாத்து அந்த நீளத்துக்குக் கட்டுங்க, நமக்கு அதுதான் மாசக் கணக்கு. வாடையில ஆறு கலங்கி வந்தா விட்டுடுங்க, மீனுக்கு ஒண்டும் தெரியாது. 5 வெயிட் பாரைக்குக் காணாது, 8 இல்லாட்டி 9 வேணும். இன்னொண்டு, படத்துல வாற மாதிரி இடுப்பளவு தண்ணியில இறங்கி நிண்டு வீசப் போயிடாதீங்க, முதலை இருக்கு.

ஈசல் கோஷ்டி:
கந்தளாய்க்கு 5 வெயிட் தாராளம். ஒக்டோபர்ல முதல் மழை விழுந்த பின்னேரங்கள்ல ஈசல் கிளம்பும், லைட்டடியில குவியுமே அதுதான், குளத்துல விழ விழ கெண்டையும் திலாப்பியாவும் மேல வரும். மே அறையை மூடி வச்சிட்டு அந்த பிறவுண் கடிஸ்ல 14ஆம் நம்பர் தூண்டில் அளவை எடுங்க, செட்டை முதுகோட படிஞ்சிருக்கிறதால ஈசல் மாதிரியே கிடக்கும். செட்டை உதிர்ந்த ஈசலைத்தான் மீன் பொறுக்குதெண்டா கத்தரிக்கோலால செட்டையை வெட்டி விடுங்க.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி எல்லாருக்கும். வெட்டுற விஷயத்தை அத்தானிட்ட சொல்லிடாதீங்க. பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதெண்டா தூண்டில் நுனியில இருக்கிற எதிர்முள்ளை நசுக்கத்தான் வேணுமா?

வின்செஸ்டர்வாசி:
ஓம், குறட்டால நசுக்கி விடுங்க. காதுல கொழுவினாலும் கழட்ட லேசு.