கான்டெசாவுக்குப் பேட்டரி வைப்பதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலைக்காரன்:
அப்பாவின் கான்டெசா கார், 1.8 ஜிஎல்எக்ஸ் மாடல், இசுசு எஞ்சின். எட்டு மாசமாக ஷெட்டில் நிற்கிறது. 2002-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி, பார்ட்ஸ் தேடி அலைந்து அலுத்துவிட்டது. எஞ்சினை எடுத்துவிட்டு பேட்டரியும் எலெக்ட்ரிக் மோட்டாரும் வைக்கலாம் என்று மெக்கானிக் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். மூணாவது தடவை பிடித்தது. என் கையைப் பிடித்து கியர் குமிழ் மேல் வைத்தார். கிடுகிடுவென்று ஆடுகிறது. அப்பாவின் மோதிரம் உரசி உரசிக் குமிழில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. என் விரல் சரியாக அதில் போய் உட்கார்ந்தது. "மக்ளே, மோட்டாரு வச்சா இந்தக் கம்பு எதுக்கு?" என்றார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

குளச்சல் கல்ஃப்:
பதினோரு வருஷம் கல்ஃபில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். டாட்ஜ் சார்ஜர் கார், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், வைத்திருந்த ஒரு கஸ்டமர், ஸ்டார்ட் பண்ணிவிட்டு வெளியே நின்று கேட்பதற்காகவே வருவார். 2023 கடைசியில் அந்த வி8 சார்ஜரின் தயாரிப்பு நின்றது. அதற்குப் பதிலாக வந்த எலெக்ட்ரிக் சார்ஜர் டேடோனா 670 குதிரைத்திறன், பழசைவிடச் சீறிப் பாயும். ஆனால் எக்ஸாஸ்ட் சத்தம் ஸ்பீக்கரில் வருவது. அந்தச் சத்தத்தைக் கஸ்டமருக்குச் செல்லில் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊர்க் கோயிலில் தீபாராதனைக்கு ஸ்விட்ச் போட்டால் அடிக்குமே மின்சார மேளம், அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அடி தப்பாது, ஆனால் யாரும் தலையாட்ட மாட்டார்கள்.

ஆரல்வாய்மொழி:
குளச்சல் அண்ணே, மேளத்தோடு சேர்ப்பது சரியில்லை. வாசிக்க ஆள் கிடைக்காத கோயிலில் அந்த மிஷினாவது அடிக்கிறதே. நண்பனின் மினி கூப்பர் எஸ்இ எலெக்ட்ரிக் காரில் முப்பந்தல் காற்றாலைகள் வழியாகப் போனோம். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 7.3 விநாடி. டீக்கடையில் பழைய கார் வைத்திருக்கும் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது, "ஒரு ரவுண்டு தாங்க தம்பி" என்றார். நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் வண்டி நிற்கும்போதெல்லாம் அவருடைய இடது கால் கிளட்சைத் தேடி வெறும் தரையை மிதித்தது. எலெக்ட்ரிக் வேண்டும் என்று வாதாடுகிறவன் நான். அந்தக் காலைப் பார்த்தபோது எனக்கும் என்னவோ செய்தது.

மார்த்தாண்டம் பத்மினி:
என் கதை சின்னது. என் பழைய பிரீமியர் பத்மினி காரை எடைக்குப் போட்டேன், ஹாரன் மட்டும் வீட்டில் இருக்கிறது. தக்கலை தம்பி, நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை அதன் முன்னால் சேர்க்கும் முறையும் உண்டு. கம்பு போகாது, அந்த நடுக்கம்தான் போகும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கை மட்டும் யாரையும் வெட்ட விடாதே. எஞ்சினுக்கு எண்ணெய் போட்டு மூடி வை. நாளைக்கு மனசு மாறினால் திரும்ப மாட்டலாம். மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் எஞ்சினிலிருந்து வருவது, அது போனால் தனி பம்ப் வேண்டும். பேட்டரியை மொத்தமாக டிக்கியில் ஏற்றினால் பின்பக்கம் தொங்கிவிடும், முன்னும் பின்னும் பிரித்து வை. புனே ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை நிலையத்தின் ஒப்புதல் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டை வாங்காதே; ஆர்சி-யில் எரிபொருளை மாற்றியாக வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் முன்னால், கார்ப்பெட்டைத் தூக்கித் தரையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். நம் ஊர் கடல் காற்று சும்மா விடாது. தரை போயிருந்தால் எஞ்சினா மோட்டாரா என்ற பேச்சே அப்புறம்தான்.

தக்கலைக்காரன்:
இப்போதுதான் பார்த்தேன் அண்ணே. டிரைவர் பக்கம் ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வெல்டிங்குக்கு அண்ணாச்சி வருகிறார். எஞ்சின் அதுவரை அங்கேயே இருக்கட்டும்.