குளிரில் டெவலப்பர் தூங்கும்: மலையகத்தில் வீட்டு டார்க்ரூம்

நுவரெலியாவிலிருந்து:

டார்க்ரூம், அதாவது பிலிமும் படமும் கழுவும் இருட்டறை, என்றதும் எல்லாரும் முதலில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். எங்கள் ஊரில் பெரிய பாடு தண்ணீரைச் சூடாக வைத்திருப்பதுதான். டெவலப்பர் என்பது பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து. டி-76 என்ற டெவலப்பரில் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவ ஏழரை நிமிடம் என்பார்கள், அது 20 பாகை செல்சியஸ் கணக்கு. இங்கே தை மாதத்துக் குழாய்த் தண்ணீரில் கை விறைத்துவிடும். டெவலப்பரில் வேலை செய்கிற இரண்டு இரசாயனங்களில் ஹைட்ரோகுயினோன் 13 பாகைக்குக் கீழே ஏறக்குறைய வேலைநிறுத்தம், மற்றதான மெட்டோல் மட்டும் தனியாக இழுக்கும், நெகட்டிவ் சோகை பிடித்த பிள்ளை மாதிரி வெளிறிப்போய் வரும். 18 பாகை வரைக்கும் நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம், அதற்குக் கீழே நான் நம்பமாட்டேன்.

அதனால் பெரிய பேசின் ஒன்றில் கேத்தல் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து 20க்குச் சற்று மேலே வைத்து, டெவலப்பர் போத்தலையும் பிலிம் கழுவும் டாங்கியையும் அதிலேயே நிறுத்திவிடுவேன். படம் அச்சிடும் பேப்பரைக் கழுவும்போதும் இதே கதைதான், டெவலப்பர் தட்டைச் சுடுதண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வைத்தால் போதும். மற்றதெல்லாம் மலிவில் முடியும். குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு நிறமில்லாத வினாகிரி ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு. தெர்மாமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பேப்பர் கழுவும்போது போடும் சிவப்பு பல்பை நம்புவதற்கு முன் ஒரு துண்டுப் பேப்பரில் நாணயத்தை வைத்து, அந்த வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த பல்பு சரிவராது. பிலிமுக்கு அந்தச் சிவப்பும் ஆகாது, முழு இருட்டுதான்.

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து:

அண்ணே, உங்களுக்குக் குளியலறையாவது இருக்கிறது. நமக்கு லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை. பகலில் கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகும், அப்புறம் தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை ஒவ்வொன்றும் தெரியும். அடைத்து மாளாது. ராத்திரியில்தான் வேலை, அதுவும் டாங்கிக்குள் போகும் சுருளான ரீலில் பிலிமை ஏற்றுவது இரண்டு கம்பளிக்குள் கையை விட்டுத்தான். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் ரீல் லேசில் காயாது, கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் சிக்கி நிற்கும். அடுப்படிப் பக்கம் வைத்து நன்றாகக் காயவைத்த பிறகே தொடுவேன்.

டெவலப்பர் வாங்கக் கொழும்புக்குப் போக முடியாத நேரத்தில் கோப்பியில்தான் கழுவுகிறேன். 1995இல் அமெரிக்காவில், ராச்செஸ்டரில் ஒரு பேராசிரியர் வகுப்பில் செய்துகாட்டியது, கஃபெனோல் என்று பெயர். ஒரு லிட்டருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், விட்டமின் சி 16 கிராம், மலிவான இன்ஸ்டன்ட் கோப்பி 40 கிராம், 20 பாகையில் 15 நிமிடம். அப்பச்சோடா போட்டால் வராது, அது வேறு சாமான். நாற்றம் தாங்காது, அம்மா ஏசுவார். தேயிலைக்கு முன்னால் இந்த மலை முழுக்கக் கோப்பிதானே, 1869இல் வந்த இலைநோய் அதை அழிக்காமல் இருந்திருந்தால் இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கும்!

என்லார்ஜர் என்னிடம் இல்லை. நெகட்டிவைப் பேப்பர் மேல் வைத்து, கண்ணாடியால் அமுக்கி, மேலே ஒரு பல்பைக் கண்ணிமைக்கிற நேரம் போட்டு அணைத்தால் காண்டாக்ட் பிரிண்ட். முப்பத்தைந்து எம்எம் பிலிமில் படம் பாதி விரல் நீளம்தான் வரும், ஆனால் எது தேறும், எது தேறாது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பொகவந்தலாவையிலிருந்து:

இடம் இல்லை என்று யாரும் கவலைப்படாதீர்கள். இங்கிலாந்தில் பெயர்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1863இல், 48 வயதில் கேமராவைத் தொட்டவர். டார்க்ரூம் நிலக்கரி போடும் கொட்டில், ஸ்டூடியோ கோழிக்கூடு. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் காலமானார். கல்லறை எங்கள் ஊர் சென் மேரிஸ் தேவாலயத்தில்தான், படம் பிடிக்கிறவர்கள் இந்தப் பக்கம் வந்தால் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒன்றே ஒன்று. படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போ பழசானால் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், ஊற்றாதீர்கள், அதில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. கீழே உள்ள பீலியில்தான் லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கும். பழைய போத்தலில் சேர்த்து, அதற்குள் கொஞ்சம் ஸ்டீல் வுல் போட்டு வைத்தால் வெள்ளி சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை வாங்கிக்கொள்ளும் நகைப்பட்டறை யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், என்னிடம் மூன்று போத்தல் சேர்ந்துவிட்டது.