செய்தி பார்த்துவிட்டு கிளினிக் போனால் மனசு ஒட்டவில்லை, உங்களுக்கும் இப்படியா?

கேள்வி:
தஞ்சாவூர் பக்கம் சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். காலையில் டிவியில் சூடானில் காலரா என்று காட்டினார்கள், தரையில் சுருண்டு கிடக்கும் குழந்தைகள், பக்கத்தில் ஒரு காலிக் குடம். அன்று முதலில் வந்ததே வயிற்றுப்போக்கோடு இரண்டு வயசுக் குழந்தை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்பியது, கண் உள்ளே போயிருந்தது, உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொல்லி அங்கேயே உட்கார வைத்தேன், மதியம் அம்மா மடியிலிருந்து இறங்கி ஓடியது. சில ரூபாய் பாக்கெட். அங்கே இதுகூட கிடைக்கவில்லையே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நீங்கள் எல்லாம் செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டீர்களா?

பதில் 1:
விடவில்லை டாக்டர். 1971-இல் பங்களாதேஷ் அகதிகள் மேற்கு வங்கத்துப் பொங்கான் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, டிரிப் பாட்டில் தீர்ந்துபோக, திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கரைத்து டிரம்மில் வைத்துக் கொடுத்தார், அதுவும் ஓஆர்எஸ்தான். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு மூன்று, நான்கு என்று இறங்கியது. அவரும் நம்மைப் போல ஒரு டாக்டர்தான், எனக்கு அதை நினைத்தால் தெம்பு வரும்.

பதில் 2:
நான் நர்ஸ் சார். பாக்கெட் இல்லாத வீட்டுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் அம்மாக்களை என் முன்னாலேயே கலக்கச் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்:
சரிம்மா, நாளையிலிருந்து நானும் அப்படியே கலக்க வைக்கிறேன்.