மறு: 'ஜானர் டெலிவிஷன்' – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். சாட்டர்ன், ஹியூகோ, பிராம் ஸ்டோக்கர் விருதுகளைப் பற்றிய நம் தமிழ் வரைவில் 'ஜானர் டெலிவிஷன்' (genre television) என்ற சொல்லுக்கு என்ன போடுவது என்ற கேள்விக்கு இது என் பதில்.

> 'வகைமைத் தொலைக்காட்சித் தொடர்' என்றே போட்டுவிடலாமே. ஜானர் என்றால் வகைமைதானே?

அகராதிப்படி சரிதான், ஐயா. ஆனால் படிக்கிறவர் முதலில் கேட்கப்போவது "எந்த வகைமை?" என்றுதான். சமையல் நிகழ்ச்சியும் ஒரு வகைமைதானே. சாட்டர்ன் விருதுப் பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்க்கும் அமெரிக்கர் அப்படிக் கேட்பதில்லை. அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேன்டசி), திகில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல அது அவர்களுக்கு ஒரு குழூஉக்குறி. நமக்கு வேண்டியதும் அப்படி ஒன்றுதான்.

மூன்றும் ஏன் ஒரே கூரைக்குள் வந்தன என்று பார்த்தால் வழி கொஞ்சம் தெரியும். 1972இல் டொனால்ட் ரீட் தொடங்கிய கழகத்தின் பெயரிலேயே அறிவியல் புனைவு, மிகுபுனைவு, திகில் மூன்றும் இருக்கின்றன. அதன் விருதுதான் சாட்டர்ன். சனிக்கோளின் உருவம், வளையம் இருக்க வேண்டிய இடத்தில் படச்சுருள். முதலில் திரைப்படங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், தொலைக்காட்சி பின்னால் சேர்ந்தது. விண்கலமும் டிராகனும் பேயும் ஒரே பந்தியில் உட்காரக் காரணம், மூன்றும் நம்மைச் சுற்றி இல்லாத ஒன்றைக் காட்டுகின்றன என்பதுதான்.

இந்த 'இல்லாத ஒன்று' என்பதைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது பள்ளிக்கூடத்து இல்பொருள் உவமையணி நினைவுக்கு வந்தது. 'காளை கொம்பு முளைத்த குதிரை போலப் பாய்ந்து வந்தது.' கொம்பு முளைத்த குதிரை எங்கும் கிடையாது, ஆனால் மனக்கண்ணில் பாய்கிறது. பாலைநிலத்து வற்றல் மரம் தளிர்த்தாற்போல என்று வள்ளுவர் சொன்னதற்கும் இதே அணியைத்தான் காட்டுவார்கள். ஆக, மொத்தத்துக்கும் இல்பொருள் புனைவு, தொலைக்காட்சிக்கு வந்தால் இல்பொருள் தொடர். எட்டாம் வகுப்பைத் தாண்டிய யாருக்கும் பாதி சொல் ஏற்கெனவே தெரியும்.

> இல்பொருள் தொடர் என்றால் பொருளில்லாத தொடர் என்றல்லவா படுகிறது? அப்படியானால் எங்கள் வீட்டில் தினமும் ஏழு மணிக்கு அதுதான் ஓடுகிறது.

சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் 'பொருளில்', 'பொருளற்ற' என்று வந்தால்தான் அந்தத் தொனி. 'இல்' முன்னால் வரும்போது 'இல்லாத பொருள்' என்றே காது கேட்கிறது. புணர்ச்சி விதியைக் கறாராகப் பார்த்தால் இல்பொருட்டொடர் என்று எழுத வேண்டும். அதை எழுதினால் ஒருவரும் வாசிக்க மாட்டார், பிரித்தே எழுதுவோம்.

இதற்கு முன் யோசனையாக வந்த 'ஊகப் புனைவு' (ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்ஷன்) எனக்கு ஒட்டவில்லை. யூகம் என்றால் நம் செய்தித்தாளில் அடுத்த அமைச்சர் யார் என்பது. பேய் வீட்டைப் பார்த்து யாரும் யூகிப்பதில்லை, பயப்படுகிறார்கள். 'விந்தைப் புனைவு' கேட்க அழகு, ஆனால் திகிலை வெளியே தள்ளிவிடுகிறது. உட்பிரிவுகளில் கை வைக்க வேண்டாம்: அறிவியல் புனைவுக்கு அறிபுனை என்று சுருக்கமாக எழுதுகிறவர்கள் எழுதட்டும், ஃபேன்டசிக்கு மிகுபுனைவோ கனவுருப்புனைவோ இருக்கட்டும்.

புதுச்சொல் நிற்குமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரும் ஹியூகோ விருது யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கே ஒரு கலைச்சொல்லாளர்தான். 1926இல் அமேசிங் ஸ்டோரீஸ் இதழைத் தொடங்கியபோது இரண்டு சொற்களை ஒட்டவைத்து 'சயின்டிஃபிக்‌ஷன்' என்றார். நாக்கில் புரளவில்லை, சில வருடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆள் விருதாக நிற்கிறார், சொல் போய்விட்டது.

ஹியூகோவில் இன்னொரு சிக்கல். அங்கே தொடர்கள் போட்டியிடும் பிரிவின் பெயர் டிராமாடிக் பிரசன்டேஷன். இதற்கு 'சிறந்த நாடகம்' என்று நம் வரைவில் இருப்பதை மாற்ற வேண்டும். 1960, 61, 62 மூன்று வருடமும் ட்வைலைட் ஸோன் தொடர் வாங்கியது, சரி. 1968இல் இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்துமே ஸ்டார் ட்ரெக் தொடரின் தனித்தனி எபிசோடுகள், அதுவும் சரி. ஆனால் 1970இல் வாங்கியது எது தெரியுமா? அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய செய்தி ஒளிபரப்பு! அதை நாடகம் என்று தமிழில் எழுதினால் நிலவுக்கே போகவில்லை என்று சொல்லும் கூட்டத்துக்கு நாமே அவல் கொடுத்த மாதிரி ஆகும். (இல்பொருள் உள்பொருளான இரவுக்கு இல்பொருள் விருது கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.) 'காட்சிப் படைப்பு' என்றால் எல்லாம் அடங்கும்.

2003இல் அந்தப் பிரிவை இரண்டாக வெட்டினார்கள், எல்லைக்கோடு 90 நிமிடம். குறுவடிவம், நெடுவடிவம் என்று போட்டிருக்கிறேன். எபிசோடுகள் பெரும்பாலும் குறுவடிவில் வரும், ஆனால் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் முதல் சீசன் முழுவதும் ஒரே படைப்பாக 2012இல் நெடுவடிவில் வென்றது. சீசனுக்குப் 'பருவம்' வேண்டாம் என்பது என் கட்சி, மழையும் மாம்பழமும் நினைவுக்கு வருகின்றன. சீசன் என்றே இருக்கட்டும், குற்றாலத்துக்குச் சொல்கிற மாதிரி.

பிராம் ஸ்டோக்கர் விருதுக்குத் தனிச்சொல் தேவையில்லை, திகில் எழுத்தாளர் சங்கம் தருவது, 'திகில்' போதும். பரிசு ஒரு குட்டிப் பேய் வீடு. அதன் வாசற்கதவைத் திறந்தால் உள்ளே வென்றவர் பெயர் இருக்கும். விருதுச் சிலைகளில் விஷயம் தெரிந்து செய்தது இது ஒன்றுதான் என்பேன்.

இனி என் சொல்லுக்கு நானே போடும் முட்டுக்கட்டை. சாட்டர்ன் வாங்கிய தொடர்களில் பிரேக்கிங் பேடும் உண்டு. வேதியியல் வாத்தியார் போதைப்பொருள் காய்ச்சுகிறார், அதில் இல்லாத பொருள் எதுவுமே இல்லை, எல்லாம் இருக்கிற பொருள்தான். கழகம் தன் வேலியைத் தானே தாண்டிக் கொடுத்த விருது அது, ஆங்கிலச் சொல்லின் இழுவை அப்படி. அதற்காக நம் சொல்லை இழுக்க வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. இப்போதைக்கு அட்டவணையில் 'சிறந்த இல்பொருள் தொடர்' என்று திருத்தி, பிரேக்கிங் பேட் வரும் அந்த ஒரு வரிக்கு மட்டும் உடுக்குறி (*) போட்டு வைத்திருக்கிறேன். அடிக்குறிப்பில் என்ன எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள்.