உதடு மரத்துப் போச்சு, பல்லு மரக்கல: ரூட் கெனாலுக்கு ஐஸ் வைக்கிறது சரிதானா?

வள்ளி, கோட்டையூர்:
எங்க ஆத்தாவுக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லு. ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு வளவுலயே உட்கார்ந்திருக்காங்க. குளிர்ந்த தண்ணிய வாயில அடக்கி வச்சாத்தான் கொஞ்சம் அடங்குது. ரூட் கெனாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஊசி போட்டதும் பாதி உதடு மரத்துப் போச்சு. ஆனா பல்லைக் குடைய ஆரம்பிச்சதும் துடிச்சுட்டாங்க. இன்னொரு ஊசி போட்டும் அப்படியேதான். மருந்து வச்சு மூடி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை ஊசியோட ஐஸும் வைக்கலாம்னு டாக்டர் சொல்றார். இது நிஜமாவே வைத்தியமா, ஆறுதலுக்குச் சொல்றதா? ஆத்தா "பிடுங்கிப் போட்டுருவோம்"ங்கிறாங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க.

தேவகோட்டைக்காரன்:
எனக்கு வச்சாங்க. ஈறு முதல்ல சுரீர்னு இருந்துச்சு, அப்புறம் உணர்ச்சியே இல்ல. பல்லைத் திறந்தப்ப லேசா ஒரு கூச்சம், அவ்வளவுதான். பிடுங்க விடாதீங்க.

பல் டாக்டர், காரைக்குடி:
ஆத்தாவுக்கு வலிச்சது முழுக்க உண்மைம்மா. பயத்துல கத்துறாங்கன்னு யாரும் நினைக்க வேண்டாம். கீழ்த்தாடைக்கு ஊசி போடுற இடம் பல்லுக்குப் பக்கத்துல இல்ல, தாடையோட பின்பக்கம் உள்புறத்துல நரம்பு நுழையற இடம். அங்க மருந்து பிடிச்சா உதடு மரத்துடும். ஆனா பல்லுக்குள்ள இருக்கிற சதை அழன்று போயிருந்தா அதுல இருக்கிற நரம்போட குணமே மாறிடும். ஊசியில இருக்கிற மரத்துப் போக வைக்கிற மருந்து லிக்னோகைன், நரம்புல சோடியம் போற வாசலை அடைச்சுத்தான் வலியை நிறுத்துது. அழற்சி வந்த நரம்புல அந்த மருந்துக்கு எளிதா அடங்காத வாசல்கள் கூடிடுது. அதனாலதான் உதடு செத்த மாதிரி இருந்தும் பல்லு உயிரோட கத்துது. குளிர்ந்த தண்ணியில வலி அடங்குறதும் அழற்சி முத்தினதுக்கு அடையாளம்.

ஐஸ் வேலை செய்யறது இங்கதான். குளிர் பட்டா நரம்புல சேதி ஓடுற வேகம் குறையும், ரத்தக்குழாய் சுருங்கும், அழற்சியைத் தூண்டுற பொருட்களும் மட்டுப்படும். ஊசியோட சேர்த்து வாய்க்குள்ள ஐஸ் வச்சவங்களுக்குப் பல் கூடுதலா மரத்துச்சுன்னு ஆய்வுகள்ல வந்திருக்கு. ஆனா ஊசிக்குப் பதிலா ஐஸ் கிடையாது, துணைக்குத்தான்.

நான் சுத்தமான தண்ணிய சின்னக் குச்சியா உறைய வச்சு, காஸ் துணியில சுத்தி, அந்தப் பல்லுக்கு நேரா கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல சுமார் 5 நிமிஷம் வைப்பேன். பிறகு பல்லுல குளிர் ஸ்ப்ரே தொட்ட பஞ்சை வச்சுப் பார்ப்பேன். சுரீர்னா குடைய மாட்டேன். உதட்டைக் கிள்ளிப் பார்த்துட்டு ஆரம்பிக்கிறது போதாதுங்கிறதுல நான் பிடிவாதம்.

வள்ளி, கோட்டையூர்:
நன்றி டாக்டர். ஐஸ் வச்சும் வலிச்சா? பிரஷருக்கு ஒண்ணும் ஆகாதா?

பல் டாக்டர், காரைக்குடி:
வழி இருக்கு. கன்னப் பக்க ஈறுல ஆர்ட்டிகைன்ங்கிற இன்னொரு மரக்கிற ஊசி போடலாம், பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஊசி போடலாம். கடைசி வழி, திறந்த துளை வழியா நேரா பல் சதைக்குள்ளயே போடுறது. அது ஒரு கணம் நல்லா வலிக்கும், முன்னாடியே சொல்லிட்டுத்தான் செய்யணும்.

பிரஷர் மாத்திரைய அன்னைக்கு விட்டுடாம போட்டுட்டு, சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க. மருந்துச் சீட்டையும் கொண்டு போங்க. சில டாக்டர்கள் ஒரு மணி நேரம் முன்னாடி ஐபுப்ரூஃபன்ங்கிற வலி மாத்திரை கொடுப்பாங்க, அது ஊசி பிடிக்க உதவும். ஆனா பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களும், வயித்துப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களும் தானா வாங்கிப் போடக் கூடாது. குளிர்ல விரல் வெளுத்துப் போறவங்க, குளிர் பட்டாத் தடிப்பு வர்றவங்கன்னா ஐஸே வேண்டாம், முதல்லயே சொல்லிடுங்க.

இன்னொண்ணு. ஆத்தா கையைத் தூக்கினா உடனே நிறுத்தணும்னு, அவங்க எதிர்லயே டாக்டர்கிட்ட பேசிக்குங்க.