கான்டனீஸ் ‘டோ’வுக்குப் பின்வரும் பகுதி: ‘எல்லைத்தொடர்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸின் இலக்கணத்துக்கு நாம் தேடும் தமிழ்ப் பெயர்களில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

நெடுநேரம் காத்திருந்து சலித்துப்போன ஹாங்காங்காரர் ‘டங் டோ கெங் டோ ச்சோங்’ என்பார். காத்துக் காத்துக் கழுத்தே நீண்டுவிட்டது என்று பொருள். இதில் இரண்டு ‘டோ’ உண்டு, தொனிதான் வேறு. நடுத்தர உயரத்தில் ஒலிக்கும் முதல் ‘டோ’வுக்கு அடிப்பொருள் ‘போய்ச்சேர்’. உயர்ந்து ஒலிக்கும் இரண்டாவது, ‘கழுத்தே’ என்பதில் நம் ஏகாரம் செய்யும் வேலையைச் செய்கிறது. நாம் பெயர் தேடுவது முதல் ‘டோ’வுக்குப் பின்னால் வந்து, செயல் எந்த மட்டுக்குப் போனது என்று சொல்லும் பகுதிக்கு.

முன்வைக்கப்பட்ட பெயர்களில் ‘விளைவுத்தொடர்’ வேண்டாம். ‘சிக் பாவ்’ (வயிறு நிறைய உண்) போன்றவற்றில் வினையை ஒட்டி வரும் இரண்டாம் சொல்லுக்கு ‘விளைவு’ தேவைப்படும். அதை இங்கேயே செலவழித்துவிட்டால் அப்புறம் அங்கே என்ன செய்வது? ‘மிகைத்தொடர்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓடிக் களைத்ததை மிகையில்லாமல் சொல்லவும் இதே ‘டோ’தான்.

‘அளவெச்சம்’ என்பவர்களின் நியாயம் புரிகிறது. கால் கடுக்க நின்றோம், கண் பூக்கக் காத்திருந்தோம் என்பவற்றிலும் பொருள் உறவு இதுதான். ஆனால் எச்சம் என்றால் அதை முடிக்கும் சொல் பின்னால் வரவேண்டும். கான்டனீஸில் காத்திருத்தல் முதலிலேயே வந்துவிடுகிறது, கழுத்து நீள்வதோடு பேச்சு முடிகிறது. எதை எஞ்சியது என்பது?

அதனால் ‘எல்லைத்தொடர்’ என்கிறேன். ‘போய்ச்சேர்’ என்ற பொருளும் அதில் நிற்கிறது. ஐந்தாம் வேற்றுமையின் எல்லைப்பொருளோடு மோதுமே என்பீர்கள். அது பெயரோடு வருவது, இது முழு வாக்கியமாகவே நீளக்கூடியது, குழப்பம் வராது.

ஆர்வத்தையும் அவசரத்தையும் சொல்லும் எல்லா வழக்கையும் இதன்கீழ் அடைக்கவேண்டாம். ‘சவ் ஹன்’ (கை அரிக்கிறது, வாங்கவோ செய்யவோ துடிப்பது), விழுந்தடித்து ஓடுபவரைக் கேலி செய்யும் ‘கோன் ஜூ தவ் தோய்’ (அடுத்த பிறவி எடுக்கவா இந்த ஓட்டம்?) இரண்டிலும் ‘டோ’ இல்லை. ‘குவன் சோய் லுக் கோக்’கும் (வெந்நீர் காலைச் சுடுகிறது) அப்படியே. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பறப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், பாருங்கள்! இவை மரபுத்தொடர் என்ற தலைப்பிலேயே இருக்கட்டும்.

‘அளவுத்தொடர்’ ஒன்றுதான் மிச்சம். மூன்று தடவை, இரண்டு மணி நேரம் என்று வினைக்குப் பின் வருபவற்றுக்கு அதை ஒதுக்கலாம். மறுப்பவர்கள் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.