குவாதலூப்பில் கரும்பாலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்கால் மைந்தன்:
கரீபியன் கடலில் இருந்தாலும் பாரிஸில் இருப்பவர்களுக்குக் குவாதலூப் வெளிநாடு இல்லை, பிரான்சின் ஒரு மாவட்டம். குடும்பத்தோடு போனபோது புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தை ஒட்டியுள்ள தார்பூசியே ஆலை இருந்த இடத்துக்குப் போனோம். ஆலை 1980இல் மூடப்பட்டது. 2015இல் அங்கே அடிமை வரலாற்று நினைவகம் திறந்தார்கள். கறுப்புச் சுவரில் குவார்ட்ஸ் துணுக்குகள் வெயிலில் மினுங்குகின்றன. அதன்மேல் வெள்ளி நிற வலை, இடிந்த கட்டடத்தை அத்திமர வேர் பற்றிக்கொண்ட மாதிரி படர்ந்திருக்கிறது.

எங்கள் குழுவில் இருந்த ஒரு பிரெஞ்சு அம்மா வழிகாட்டியை மடக்கினார். "அடிமை முறை 1848இல் போய்விட்டது. ஆலை ஓட ஆரம்பித்தது 1869இல். அப்புறம் இங்கே எதற்கு நினைவகம்?" நல்ல கேள்விதான். வழிகாட்டிப் பெண் அசரவில்லை. அடிமைக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் தனிச் செக்கு என்றார். காற்றிலோ மாட்டிலோ ஓடும், சாற்றைக் கொப்பரையில் காய்ச்சுவார்கள். 1843 நிலநடுக்கத்தில் இவற்றில் பல நொறுங்கின. விடுதலைக்குப் பிறகு ஆளும் கிடைக்கவில்லை, முதலாளிகள் கடனில் மூழ்கினார்கள். அந்த நேரத்தில்தான் பாரிஸ் இயந்திர முதலாளி கயிலும் உள்ளூர்க்காரர் ஏர்னஸ்ட் சூக்கும் சேர்ந்து இந்தப் பெரிய ஆலையைக் கட்டினார்கள். தோட்டம் கரும்பு மட்டும் தந்தால் போதும், அரவை எல்லாம் இங்கே.

சரி, வெட்ட ஆள் எங்கிருந்து வந்தது? 1854 டிசம்பரில் 'ஒரேலி' கப்பலில் முதல் இந்தியர்கள் வந்து இறங்கினார்கள். 1889க்குள் சுமார் 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் ஏராளம். 5 ஆண்டு ஒப்பந்தம். கையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு நடந்தால் 'நாடோடி' என்று பிடிப்பார்கள். அந்த அம்மா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தால் நிழலில் ஒரு பெரியவர். அந்த ஆலையில் கடைசிவரை வேலை பார்த்தவராம். அரவைக் காலத்தில் சக்கையை எரித்த கரி பறந்து வந்து காயப்போட்ட துணியில் அப்பிக்கொள்ளும், தன் அம்மா தினமும் ஆலையைத் திட்டுவாள், ஆனால் சங்கு ஊதாத நாளில் பயந்துபோவாள் என்று சிரித்தார்.

தேன்மொழி:
அண்ணே, நீங்கள் பார்த்தது மூடிய ஆலை. நான் பார்த்தது ஓடுகிற ஆலை. லெ மூல் பக்கம் கார்தெல். மாரி-கலாந்த் தீவில் இருப்பதை விட்டுவிட்டால் குவாதலூப்பில் மிச்சம் இது ஒன்றுதான். வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் சுமைக்குள் குழாயை இறக்கி மாதிரி எடுக்கிறார்கள். சாற்றில் எவ்வளவு சர்க்கரையோ அதற்கேற்பத்தான் விலை. முன்னால் நின்ற விவசாயி அந்தக் குழாயை முறைத்துக்கொண்டே இருந்தார், பாவம்.

வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் ஆலைக்குள் போகாவிட்டால் சர்க்கரை குறைந்துவிடும். கூலிக்காரர்களின் பலமும் அதுதான், அரவை நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தால் முதலாளிக்கு வலிக்கும். 1952 பிப்ரவரி 14 அன்று லெ மூலில் அப்படி ஒரு போராட்டத்தில் போலீஸ் சுட்டு 4 பேர் இறந்தார்கள். நமக்குக் காதலர் தினம், அவர்களுக்கு அது அந்த நாள்.

வில்லியனூரான்:
காப்பெஸ்தேர் பக்கம் போகிறவர்கள் ஆன்ரி சிதம்பரத்தைப் பற்றிக் கேளுங்கள். 1863இல் அங்கே பிறந்தவர். தீவிலேயே பிறந்த இந்தியர்களுக்கும் ஓட்டு கிடையாது என்றதை எதிர்த்து 1904இல் வழக்கில் இறங்கினார். தீர்ந்தது 1923இல்! சாங்கி மாரியம்மன் கோயிலும் அதே ஊரில்தான். அங்கே இப்போது கண்ணுக்கு எட்டிய வரை வாழைதான், கரும்பைத் தேட வேண்டும்.

தேன்மொழி, கார்தெல் பார்க்க எந்த மாதம் போனீர்கள்?

தேன்மொழி:
ஏப்ரலில் போனேன். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரைக்குள் போய்விடுங்கள், அரவை முடிந்தால் வெறும் புகைபோக்கியைத்தான் பார்க்க வேண்டும்.